சுவரில் விதைத்த புள்ளிகள்

நுழையும்முன்

எழுத்து தோன்றுவதற்கு நெடுங்காலத்திற்கு முன்பே மனிதர் பாறைகளில் ஓவியம் தீட்டினர். அம்மரபின் தொடர்ச்சியைப் பழங்குடி மக்களின் வீட்டுச் சுவர்களில் இன்றும் காணமுடிகிறது. மேற்கிந்திய, மத்திய இந்திய மலைப்பகுதிகளில் வாழும் பீல் பழங்குடியினரின் ஓவியங்கள் அவர்தம் உழவையும் வழிபாட்டையும் உழைப்பையும் ஒருங்கே உரைப்பன. சுவரில் பிறந்த அக்கலை தாளுக்கும் துணிக்கும் இடம்பெயர்ந்தபோது பெற்றது எது, இழந்தது எது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

புள்ளியில் தொடங்கும் கலை

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் எனச் சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகள் அடுக்குமாடிக் கட்டடங்களால் நிறைந்து வருகின்றன. ஆயினும், மார்கழி விடியலில் அவ்வூர்த் தெருக்களில் நடப்போர் வாசல்தோறும் கோலங்களைக் காண்பர். சாணம் தெளித்த மண்வாசல் குறைந்து, சிமெண்டுத் தரை வந்துவிட்டது. கோலத்தின் இலக்கணம் மட்டும் மாறவில்லை. முதலில் புள்ளிகள் வரிசையாக இடப்படுகின்றன. பின்னர், கோடு அவற்றைச் சூழ்ந்து செல்கிறது. அல்லது ஒன்றோடொன்று இணைக்கிறது. அரிசி மாவால் இட்ட கோலம் எறும்புக்கும் குருவிக்கும் உணவாகிறது. பொழுது சாய்வதற்குள் அது கலைந்துவிடும். அதை இட்டவர் பெயரை எவரும் எழுதி வைப்பதில்லை.

தாம்பரத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், மத்தியப் பிரதேசத்தின் மேற்கெல்லையில் உள்ள ஜாபுவா, அலிராஜ்பூர் மாவட்டங்களின் மலைச்சிற்றூர்களிலும் புள்ளியே ஓவியத்தின் உயிராக விளங்குகிறது. அங்கு வாழும் பீல் மக்களின் ஓவியத்தில் உருவத்தின் புறக்கோடு முதலில் வரையப்படும். பிறகு அதன் உள்வெளி முழுவதும் புள்ளிகளால் நிரப்பப்படும். கோலத்தில் புள்ளி கோட்டுக்கு வழிகாட்டுகிறது. பீல் ஓவியத்தில் கோடு வரப்பாக அமைய, புள்ளி அதனுள் விதையாக விழுகிறது. இவ்விதைப்பைப் புரிந்துகொள்ள அம்மக்களின் வாழ்வை முதலில் அறிதல் வேண்டும்.

வில்லின் மக்கள்

இந்தியப் பழங்குடிகளுள் மிகுந்த எண்ணிக்கையினர் எனத்தக்கோருள் பீல் இனத்தவரும் அடங்குவர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவர்கள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர். மத்தியப் பிரதேசம், குஜராத், இராஜஸ்தான், மகாராட்டிரம் ஆகிய நான்கு மாநிலங்களும் சந்திக்கும் மலைநிலமே அவர்களின் தாயகம். அவர்களின் பீலி மொழி இந்தோ-ஆரிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. எனினும், ‘பீல்’ என்னும் இனப்பெயர் ‘வில்’ என்னும் திராவிடச் சொல்லிலிருந்து தோன்றியிருக்கலாம் என ஆய்வாளர் பலர் கருதுவர். வில்லும் அம்பும் அம்மக்களின் அடையாளமாக இன்றும் போற்றப்படுகின்றன.

பீல் மக்களின் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி அமைவதில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்தின் நடுவே, மேட்டின்மீது வீடு கட்டிக்கொள்கிறது. மூங்கில் தட்டியின்மேல் மண்ணும் சாணமும் பூசிய சுவர், ஓடு வேய்ந்த கூரை, ஆடுமாடுகளுக்கு அருகிலேயே இடம் என்பது அவ்வீட்டின் அமைப்பு. மழையை நம்பிய மலைச்சரிவு வேளாண்மையில் மக்காச்சோளமே முதன்மைப் பயிர். கோடையில் உதிரும் இலுப்பைப் பூ உணவாகவும் வருவாயாகவும் பயன்படுகிறது. அறுவடை முடிந்து நிலம் வறண்டபின், குடும்பத்தோடு நகரங்களுக்குச் சென்று கட்டட வேலை செய்வது பலரது வாழ்க்கைமுறையாகிவிட்டது. இவ்விடப்பெயர்வே பின்னாளில் பீல் ஓவிய வரலாற்றின் திருப்புமுனைக்கும் காரணமாயிற்று.

சுவரில் எழுதும் நேர்த்திக்கடன்

பீல் மக்களும் அவர்களோடு நெருங்கிய உறவுடைய ராட்வா மக்களும் போற்றும் சடங்கு ஓவியம் ‘பிதோரா’ எனப்படும். வீட்டில் நோய் நீங்காதபோதும், மழை பொய்த்தபோதும், கால்நடைகள் மடிந்தபோதும் குடும்பத் தலைவர் ‘பட்வா’ எனப்படும் பூசாரியை நாடுகிறார். துன்பம் தீர்ந்தால் வீட்டில் பிதோரா எழுதுவதாக நேர்ந்துகொள்கிறார். வேண்டுதல் நிறைவேறியபின், விருந்துக்கும் சடங்குக்கும் வேண்டிய பொருள் சேர்ந்ததும் அக்கடன் நிறைவேற்றப்படுகிறது. சிலருக்கு அதற்குப் பல ஆண்டுகளும் ஆகலாம்.

வீட்டின் முதன்மைச் சுவர் சாணமும் மண்ணும் கொண்டு மெழுகப்பட்டு, வெண்மண் பூசப்படும். வண்ணப்பொடிகளைப் பாலிலும் இலுப்பை மதுவிலும் குழைப்பர். முதலில் ஓர் எல்லைச் சட்டம் வரையப்படும். அதில் வாயில் ஒன்றும் விடப்படும். அச்சட்டத்திற்குள் குதிரைகள் அணிவகுக்கும். அவை தெய்வங்களுக்கும் முன்னோர்க்கும் உரியவை. ஞாயிறும் திங்களும், ஏர் உழும் உழவரும், மோர் கடையும் பெண்ணும், கிணறும், பனையேறுவோரும், புலியும், பாம்பும், தேளும் அவற்றைச் சூழ இடம்பெறும். அண்மைக்காலப் பிதோராக்களில் தொடர்வண்டியும் வானூர்தியும்கூட நுழைந்துவிட்டன. கண்முன் உள்ள உலகம் முழுவதையும் தெய்வத்தின்முன் வைக்க வேண்டும் என்பதே இச்சடங்கின் உட்கருத்து.

ஓவியம் வளரும்போது பாட்டும் கதையும் தாளமும் உடன் ஒலிக்கும். எழுதி முடிந்ததும், அருள் வந்த நிலையில் பட்வா ஒவ்வோர் உருவத்தையும் சரிபார்ப்பார். விடுபட்ட உருவம் இருப்பின் ஓவியர் உடனே சேர்த்தல் வேண்டும். கோடு நேராக உள்ளதா, வண்ணம் பொருந்தியுள்ளதா என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை. ஒன்றும் விடுபடாமல் உள்ளதா என்பதே அங்கு எழும் ஒரே வினா. எல்லாம் நிறைவுற்றதாக அவர் ஏற்ற பின்னரே சுவர் தெய்வத்தின் இருப்பிடமாகிறது.

இவ்வோவியத்தைப் பீல் மக்கள் ‘வரைவது’ என்று கூறுவதில்லை. ‘எழுதுவது’ என்றே கூறுகின்றனர். ஓவியருக்கு வழங்கும் ‘லேகிந்திரா’, ‘லகாரா’ என்னும் பெயர்களும் எழுதுதல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தவையே. தமிழிலும் ‘எழுதுதல்’ என்னும் சொல் பண்டைக் காலத்தில் ஓவியம் தீட்டுவதையும் குறித்தது. ஓவியம் எழுதினர், கண்ணுக்கு மை எழுதினர் என்னும் வழக்குகள் இதற்குச் சான்று. படிப்பறிவில்லாதவர் எனக் கருதப்பட்ட ஒரு மக்கள்கூட்டம் தன் வீட்டுச் சுவரில் தலைமுறைகளாக எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. அவ்வெழுத்தைப் படிக்கத் தெரியாதவராகப் பிறரே இருந்தனர்.

தெரிந்து தெளிவோம்

பீல் மக்கள் சுடுமண் குதிரைகளைச் செய்வித்துத் தம் தெய்வங்களுக்குக் காணிக்கையாகப் படைக்கின்றனர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அய்யனாருக்கு மண்குதிரை செய்து படைக்கும் ‘புரவி எடுப்பு’ விழாவை இது நினைவூட்டுகிறது. இரு வழக்கங்களிலும் குதிரை காவலின் குறியீடு. இரண்டும் வேண்டுதலோடு தொடர்புடையவை.

ஓவியத்துள் ஓர் ஊர்

பிதோரா ஆண்களால் எழுதப்படுவது. பெண்களின் கலை வீட்டின் பிற சுவர்களிலும் தானியக் குதிர்களிலும் வளர்ந்தது. விழா நாள்களிலும் திருமணத்தின்போதும் சுவர்களை மெழுகி, மண்ணால் புடைப்புருவங்கள் அமைத்து, வண்ணம் தீட்டி அழகுசெய்வது அவர்கள் பணி. அதற்கான வண்ணங்களை அவர்கள் கடையில் வாங்கவில்லை. சிவப்புக்குக் காவிமண், வெண்மைக்குச் சுண்ண மண், மஞ்சளுக்கு மஞ்சள் கிழங்கு, பச்சைக்கு அவரை இலையின் சாறு, கருமைக்கு அடுப்புச் சட்டியின் கரி எனச் சமையலறையும் தோட்டமுமே வண்ணக்கூடமாயின. வேப்பங்குச்சியின் நுனியில் துணி சுற்றினால் தூரிகை கிடைத்துவிடும்.

இவ்வோவியங்களில் நிழல் இல்லை; தொலைவில் உள்ளவை சிறுத்துத் தோன்றும் முறையும் இல்லை. மரத்தைவிட மயில் பெரிதாக இருக்கலாம். ஓவியர் கண்ணுக்குத் தெரிந்த அளவை விடுத்து, மனத்துக்கு உரிய அளவைத் தருகிறார். மக்காச்சோளத் தட்டையில் அமரும் பறவைகள், தலையில் குடம் சுமக்கும் பெண்கள், ஆடு மேய்க்கும் சிறுவர், திரிகையில் மாவரைக்கும் தாய், மத்தளத்திற்கு ஆடும் இளையோர் எனச் சிற்றூரின் ஒருநாள் வாழ்வு ஓவியத்தில் விரிகிறது. ஹோலிப் பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் கூடும் ‘பகோரியா’ சந்தையும் ஓவியர் விரும்பும் பொருளாகும். அறுவடைக் காசோடு வரும் குடும்பங்களும், புத்தாடை அணிந்த இளைஞரும், புல்லாங்குழலும் முழவும் அதில் இடம்பெறும்.

உருவங்களை நிரப்பும் புள்ளிகளுக்கு மக்காச்சோள மணிகளே மூலம் என்பர். கதிரில் மணிகள் வரிசையாகச் செறிந்திருப்பதுபோல, மானின் உடலிலும் மரத்தின் கிளையிலும் புள்ளிகள் செறிகின்றன. பீல் பெண்கள் முகத்திலும் கைகளிலும் குத்திக்கொள்ளும் பச்சையிலும் இப்புள்ளி மரபைக் காணலாம். ஒவ்வோர் ஓவியரும் புள்ளியிடும் முறை வேறானது; ஒருவர் நெருக்கி இடுவார், மற்றொருவர் அலையாக இடுவார். கையெழுத்தைக் கொண்டு ஆளை அறிவதுபோலப் பயின்ற கண் புள்ளியைக் கொண்டே ஓவியரை அறிந்துவிடும்.

சித்தாளாக வந்த ஓவியர்

இக்கலையின் வரலாற்றில் ஒரு கட்டடப் பணியிடம் திருப்புமுனையாயிற்று. போபால் நகரில் ‘பாரத் பவன்’ என்னும் பல்கலை மையம் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியாவின் வடிவமைப்பில் எழுந்து, 1982ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் திறக்கப்பட்டது. அங்கு அமைந்த கலைக்கூடத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் ஜகதீஷ் சுவாமிநாதன் (1928 - 1994). சிம்லாவில் வாழ்ந்த தமிழ்க்குடும்பத்தில் பிறந்த அவர், இந்திய நவீன ஓவியர்களுள் குறிப்பிடத்தக்கவர். பழங்குடி ஓவியத்தையும் நவீன ஓவியத்தையும் ஒரே கூரையின்கீழ், ஒரே மதிப்போடு வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்காக மாணவர்களைச் சிற்றூர்களுக்கு அனுப்பிக் கலைப்பொருள்களைத் திரட்டச் செய்தார்.

அம்மையத்தின் கட்டுமானப் பணியில் ஜாபுவாவிலிருந்து வந்த பீல் பெண்கள் மண் சுமந்தனர். அவர்களுள் ஒருவர் பிடோல் என்னும் ஊரைச் சேர்ந்த பூரி பாய். இந்தி மொழியும் அறியாத இளம்பெண்ணாக அவர் நாட்கூலிக்கு உழைத்துவந்தார். சுவாமிநாதன் அத்தொழிலாளரிடம் சென்று, அவர்கள் ஊரில் வீட்டுச் சுவர்களில் என்ன தீட்டுவார்கள் என வினவினார். தாளில் தீட்டிக் காட்டுமாறு வேண்டினார். கூலி போய்விடுமோ என அஞ்சும் நிலையில் இருந்தோர்க்கு ஓவியத்திற்கும் ஊதியம் தந்தார். மண்ணையும் இலையையும் அரைத்தே வண்ணம் கண்ட பூரி பாய்க்குப் புட்டிகளில் ஆயத்தமாக இருந்த வண்ணங்கள் வியப்பளித்தன. தரையில் அமர்ந்து, தாம் பிறந்த ஊரைத் தாளில் தீட்டத் தொடங்கினார்.

தாளிலும் துணியிலும் ஓவியம் தீட்டிய முதல் பீல் பெண் எனப் பூரி பாய் போற்றப்படுகிறார். அவருடைய தூரிகை நாடியது அன்றாட வாழ்வையே. காடும் விலங்கும் மரமும் விழாவும் அவர் ஓவியங்களில் நிறைந்தன. பின்னாளில் பேருந்தும் வானூர்தியும் சேர்ந்தன. போபாலில் உள்ள மத்தியப் பிரதேசப் பழங்குடி அருங்காட்சியகத்தின் சுவரொன்றில் தம் வாழ்க்கை வரலாற்றையே அவர் ஓவியமாகத் தீட்டியுள்ளார். பாரத் பவனில் உழைத்த நாள்களும் அதில் உண்டு. 2021ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. அவரைப் போலவே கூலித்தொழிலாளியாக வந்து ஓவியராக உயர்ந்தவர் லாடோ பாய்.

சுவரிலிருந்து தாளுக்கு

இடப்பெயர்வு இக்கலைக்குப் பெரும் பேறுகளைத் தந்தது. முதலாவது, பெயர். சுவர் ஓவியம் ஊருக்கு உரியது. தாளின் மூலையில் ஓவியரின் பெயர் இடம்பெற்றது. இரண்டாவது, பெண்களுக்குக் கிடைத்த இடம். சடங்குச் சுவரில் அவர்களுக்கு இல்லாத உரிமை தாளில் கிடைத்தது. மூன்றாவது, வாழ்வாதாரம். மண் சுமந்த கை தூரிகையால் குடும்பத்தைத் தாங்கிற்று.

இழப்புகளும் உண்டு. சுவர் ஓவியம் இன்னார் நேர்ந்தது, இன்ன துன்பத்திற்காக எழுதப்பட்டது என்னும் வரலாறு உடையது. விற்பனைக்குரிய ஓவியத்தில் பாட்டு இல்லை; விருந்து இல்லை; விடுபட்டதைச் சுட்டும் பட்வாவும் இல்லை. ஊர்களில் மண்சுவர் வீடுகள் குறைந்து செங்கல் வீடுகள் பெருகுவதால், சாணம் மெழுகும் பழக்கத்தோடு அதன்மேல் தீட்டும் பழக்கமும் தேய்கிறது. மேலும், பழங்குடி ஓவிய உருவங்கள் துணிகளிலும் பைகளிலும் இயந்திரத்தால் அச்சிடப்படும்போது, தாள் தந்த பெயரும் மறைந்துபோகிறது. குஜராத் ராட்வா மக்களின் பிதோரா புவிசார் குறியீடு பெற்றிருப்பதும், அக்கலைஞர் பரேஷ் ராட்வா 2023இல் பத்மஸ்ரீ பெற்றதும் இந்நிலையில் குறிப்பிடத்தக்கவை. புவிசார் குறியீடு ஒரு கலை எம்மண்ணுக்கு உரியது என்பதைச் சட்டத்தின்முன் நிலைநாட்டுகிறது. அந்தச் சுவரைக் காக்கும் பொறுப்பைச் சட்டம் மட்டும் நிறைவேற்ற இயலாது.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டின் நீலகிரி மலையில் வாழும் குறும்பர் பழங்குடியினரும் ஓவிய மரபு உடையவர்கள். வேங்கை மரப் பிசின், மரப்பட்டை, இலைச்சாறு, மண் ஆகியவற்றிலிருந்து வண்ணங்களைப் பெற்றனர். தேன் எடுத்தல், அறுவடை, விழா முதலிய காட்சிகள் அவர்கள் ஓவியங்களில் இடம்பெறுகின்றன.

கடற்கரைச் சாலையில் இரு முயற்சிகள்

கலை எது, கைத்தொழில் எது என்னும் வினா போபாலில் மட்டும் எழவில்லை. தாம்பரத்திற்குக் கிழக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஈஞ்சம்பாக்கத்திலும் அது எழுந்தது. சென்னை அரசுக் கவின்கலைப் பள்ளியின் முதல்வராக விளங்கிய கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966ஆம் ஆண்டு ‘சோழமண்டலம் ஓவியர் கிராமம்’ அங்கு உருவாயிற்று. ஓவியத்தை மட்டும் நம்பி வாழ இயலாத இளங்கலைஞர்கள் பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அவ்வருவாயைக் கொண்டு தம் கலைவாழ்வை அமைத்துக்கொண்டனர். கைத்தொழில் அங்கே கலைக்குச் சோறிட்டது. பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையில், எழுத்தையும் சாதகக் கட்டங்களையும் ஒத்த வடிவங்கள் ஓவியத்தின் உறுப்புகளாயின.

அதே சாலையில் இன்னும் தெற்கே, முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டு ‘தட்சிணசித்ரா’ திறக்கப்பட்டது. தென்மாநிலச் சிற்றூர்களின் பழைய வீடுகள் பிரித்துக் கொணரப்பட்டு, அங்கு மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. குயவரும் நெசவாளரும் தொழில் செய்து காட்டுகின்றனர். நாட்டுப்புற, பழங்குடிக் கலைஞர்களின் பயிலரங்குகளும் கண்காட்சிகளும் நடைபெறுகின்றன. ஓர் ஓவியத்தைச் சட்டமிட்டு மாட்டினால் அதன் அழகு மட்டும் தெரியும். அது பிறந்த வீட்டோடும் திண்ணையோடும் சேர்த்துக் காணும்போது அதன் தேவையும் தெரியும். இவ்வேறுபாட்டை மாணவர் நேரில் உணர்வதற்கு ஏற்ற இடம் இது.

கையை அறிதல்

தாம்பரம், வண்டலூர், கேளம்பாக்கம் வட்டாரங்களில் இன்று எழும் கட்டடங்கள் பலவற்றில் ஒடிசா, ஜார்கண்ட், மேற்கு வங்கம், பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் பணியாற்றுகின்றனர். அவர்களின் ஊர்களிலும் சுவரோவிய மரபுகள் உண்டு. ஜார்கண்டில் அறுவடைக் காலத்தில் பெண்கள் மண்சுவரில் தீட்டும் ‘சோராய்’ ஓவியமும், சந்தால் மக்களின் சுவரோவியங்களும் புகழ்பெற்றவை. செங்கல் சுமக்கும் கைகளுள் அம்மரபை அறிந்த கைகளும் இருக்கக்கூடும். கேட்பவர் இல்லாதவரையில் அவை செங்கல் சுமக்கும் கைகளாக மட்டுமே அறியப்படும்.

பூரி பாய் ஓவியராகப் போபாலுக்கு வரவில்லை, கூலியாளாக வந்தார். அவர் தம் ஊரிலிருந்து கொண்டுவந்த கலை அவரிடம் எப்போதும் இருந்தது. “உங்கள் ஊரில் சுவரில் என்ன தீட்டுவீர்கள்?” என்னும் பொருள்பட ஒருவர் வினவிய பின்னரே அது பிறர் கண்ணுக்குத் தெரிந்தது. பழங்குடிக் கலையைப் போற்றுதல் என்பது ஓவியத்தை விலைக்கு வாங்கி மாட்டுவதோடு முடிவதன்று. அதை எழுதிய கையின் பெயரையும், அக்கை உழைக்கும் நிலத்தையும், அந்நிலத்தின் மழையையும் பசியையும் அறிய முற்படுவதே அதன் முதற்படி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் அல்லது தெருவில் கோலமிடுவோர் ஒருவரைக் கண்டு, அவர் அறிந்த கோலவகைகளையும் அவற்றைக் கற்ற முறையையும் கேட்டுக் குறிப்பெடுக்க.
2. உங்கள் ஊரில் மறைந்துவரும் கைவினை ஒன்றைத் தேர்ந்து, அதன் கருவிகளையும் கலைச்சொற்களையும் பட்டியலிடுக.
3. ‘பழங்குடி ஓவியங்களை இயந்திரத்தால் அச்சிட்டு விற்பது அக்கலையை வளர்க்குமா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

பிதோரா ஓவியம் எழுதி முடிந்ததும் அதைச் சரிபார்ப்பவர்
அ) லேகிந்திரா ஆ) குடும்பத் தலைவர் இ) பட்வா ஈ) ஊர்த்தலைவர்

குறுவினா

1. கோலத்திலும் பீல் ஓவியத்திலும் புள்ளி பெறும் இடத்தை வேறுபடுத்துக.
2. பீல் பெண்கள் வண்ணங்களைப் பெற்ற முறையை எழுதுக.

சிறுவினா

1. ‘எழுதுதல்’ என்னும் சொல் தமிழ் மரபையும் பீல் மரபையும் எவ்வாறு இணைக்கிறது?
2. ‘ஒன்றும் விடுபடாமல் உள்ளதா என்பதே அங்கு எழும் ஒரே வினா’ – இடஞ்சுட்டி விளக்குக.

நெடுவினா

பீல் ஓவியம் சுவரிலிருந்து தாளுக்கு மாறியதால் விளைந்த பேறுகளையும் இழப்புகளையும் சான்றுகளுடன் விவரித்து, உங்கள் கருத்தை நிறுவுக.